வூஃபர் வாயடைத்துப் போனால் முதலில் எர்த்தைப் பாருங்கள்

தைப்பூசத்திற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, என் அக்காள் மகன் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து தன் மைவி காரை ஓட்டிக்கொண்டு பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில் உள்ள என் வீட்டிற்கு வந்தான். இறங்கும்போதே முகம் வாடியிருந்தது. “மாமா, ஆம்ப் எரிந்துவிட்டது. புதிதாக வாங்க வேண்டும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள்” என்றான். பாட்டின் சிறிய மின்சாரத்தைப் பெரிதாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பும் கருவிதான் ஆம்ப். காரின் பின்கதவைத் திறந்து பாட்டைப் போடச் சொன்னேன். மெதுவாக வைத்தபோது வூஃபர், அதாவது கனத்த ஒலியைத் தரும் ஒலிபெருக்கி, ஒழுங்காகப் பாடியது. ஒலியைக் கூட்டினான். உறுமியின் கனத்த அடி விழுந்த அதே நொடியில் ஆம்பின் விளக்கு அணைந்தது. இரண்டு நொடி கழித்துத் தானாகவே எரிந்தது.

எரிந்துபோன ஆம்ப் இப்படி உயிர்த்தெழாது. மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரை எடுத்து அளந்ததில் குற்றவாளி அகப்பட்டது: பெயிண்ட்டின் மேலேயே முடுக்கப்பட்டிருந்த எர்த் போல்ட், அதாவது ஆம்பின் வயரைக் காரின் இரும்பு உடம்போடு சேர்க்கும் போல்ட். மணல்தாளால் பெயிண்ட்டைச் சுரண்டி மறுபடியும் முடுக்க 10 நிமிடம்கூட ஆகவில்லை. அரை மாதச் சம்பளத்தைக் கொட்டிப் புது ஆம்ப் வாங்கியிருந்தாலும் அதே போல்ட்டில்தான் அதை மாட்டியிருப்பார்கள், அதே கோளாறுதான் திரும்பி வந்திருக்கும்.

பினாங்கில் காருக்குள் பாட்டு கேட்பதை எவ்வளவு ஆசையோடு செய்கிறோம் என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றி நாம் பேசும் பேச்சில் பாதி தவறு என்பதும் தெரியும். “வாட் அதிகம் என்றால் நல்லது”, “கெய்ன் திருகை முழுக்கத் திருப்பு”, “பெரிய ஃபியூஸ் போட்டால் போகாது.” இவற்றில் கடைசி வாக்கியம் காரையே கொளுத்திவிடக்கூடியது. அதனால்தான் அடிப்படையிலிருந்து எழுதுகிறேன். மின்சாரம் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை.

தொப்பியில் அப்பும் ரவை

கச்சேரிக்கு முன்னால் மிருதங்க வித்துவான் ரவையைத் தண்ணீரில் பிசைந்து இடப்பக்கத் தோலின் நடுவில் அப்புவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பக்கத்திற்குத் தொப்பி என்று பெயர். வலந்தலையைவிட அகலமான தோல். ரவையின் பாரமும் சேரும்போது அது நிதானமாக அசைகிறது. நிதானமாக அசையும் தோல் கனத்த ஒலியைத் தருகிறது. விறைப்பாகக் கட்டிய சிறிய தோல் விரைவாக அசைந்து கூர்மையான ஒலியைத் தருகிறது.

ஒரு பொருள் நொடிக்கு எத்தனை முறை முன்னும் பின்னும் அசைகிறதோ அந்த எண்ணிக்கைதான் அதிர்வெண். அதன் அலகு ஹெர்ட்ஸ். மனிதக் காது ஏறக்குறைய 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். காரின் கதவில் இருக்கும் சிறிய ஒலிபெருக்கி பாடகரின் குரலையும் நாதஸ்வரத்தையும் தாராளமாகத் தரும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கினால் அதற்கு மூச்சு முட்டும். அந்த அடித்தளத்துக்கென்றே செய்யப்பட்ட அகலமான, பாரமான ஒலிபெருக்கிதான் சப்வூஃபர். நாம் சுருக்கமாக வூஃபர் என்கிறோம்.

உள்ளே இருக்கும் ஏற்பாடு எளியது. ஒரு கூம்பு, அதன் அடியில் ஒட்டிய செப்புக் கம்பிச் சுருள், சுருளைச் சுற்றி ஒரு காந்தம். சுருளில் மின்சாரம் ஒரு திசையில் ஓடினால் கூம்பு முன்னே போகும். திசை மாறினால் பின்னே வரும். 40 ஹெர்ட்ஸ் ஒலி என்றால் நொடிக்கு 40 முறை போய் வரும்.

அப்படியானால் பெட்டி எதற்கு? தண்ணீர்த் தொட்டியில் உள்ளங்கையை மெதுவாக முன்னே தள்ளிப் பாருங்கள். முன்னால் தள்ளப்பட்ட தண்ணீர் விரல்களைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய்விடும், அலையே எழும்பாது. வூஃபரும் காற்றில் அப்படித்தான். முன்பக்கம் தள்ளும் காற்றைப் பின்பக்கம் உறிஞ்சிக்கொள்ளும். இரண்டையும் பிரிக்கும் சுவர்தான் பெட்டி. எனவே பேஸ் எனப்படும் கனத்த ஒலி திடீரென்று மெலிந்துவிட்டது என்றால் மின்சாரத்தைத் தொடுவதற்கு முன் பெட்டியைப் பாருங்கள். மூடிய வகைப் பெட்டியாக இருந்தால் பாட்டு ஓடும்போது விளிம்புகளில் கையை வைத்துப் பார்க்கலாம். விரலில் காற்று அடிக்கிற இடத்தில் திருகு தளர்ந்திருக்கும், அல்லது பலகையின் ஒட்டு விட்டிருக்கும்.

ஆம்ப் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை

ஆம்ப் என்று நாம் அழைக்கும் ஆம்ப்ளிஃபையரைப் பலர் மின்சாரம் பிறக்கும் இடமாக நினைக்கிறார்கள். அது ஒரு குழாயின் திருகு மட்டுமே. பெரிய தொட்டியிலிருந்து வரும் குழாயைத் திறந்து மூட விரலில் கொஞ்சம் வலு இருந்தால் போதும். பாய்ந்து வரும் தண்ணீரின் வேகம் முழுவதும் தொட்டியினுடையது. காரில் அந்த விரல், ரேடியோவிலிருந்து மெல்லிய வயரில் வரும் சிறிய பாட்டு மின்சாரம். இதைச் சிக்னல் என்கிறோம். தொட்டி, பேட்டரியும் எஞ்சினோடு சுழன்று மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்நேட்டரும். சிக்னல் ஆடுகிறபடியெல்லாம் ஆம்ப் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடி வூஃபருக்கு அனுப்புகிறது.

இங்கே மூன்று சொற்கள் தேவை. வோல்ட் என்பது குழாயில் உள்ள அழுத்தம். ஆம்பியர் என்பது ஓடும் தண்ணீரின் அளவு. வாட் என்பது இரண்டையும் பெருக்கி வரும் வலிமை. எஞ்சின் ஓடாதபோது நன்றாகச் சார்ஜ் ஆன பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்கும்.

ஒரு கணக்கு போடுவோம். ஆம்ப் வூஃபருக்கு 500 வாட் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது பரவலாக விற்கும் டி வகை ஆம்ப், வாங்கும் மின்சாரத்தில் 80 சதவீதத்தைப் பாட்டாக மாற்றி மீதியைச் சூடாக வெளிவிடுகிறது என்று கொண்டால், அது பேட்டரிப் பக்கத்திலிருந்து 625 வாட் இழுக்க வேண்டும். 625 ஐ 13.8 ஆல் வகுத்தால் 45 ஆம்பியருக்குச் சற்று மேலே வருகிறது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரை முழுவதும் இது நம்மோடு வரும்.

அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் “1500 வாட்” பெரும்பாலும் கண்ணிமைக்கும் நேரத்து உச்சம். நாம் பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ் வாட், அதாவது தொடர்ந்து தரக்கூடிய, தொடர்ந்து தாங்கக்கூடிய வலிமை. விற்பவர் சொல்வதை உரசிப் பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ஆம்பின் பக்கவாட்டில் செருகியிருக்கும் ஃபியூஸின் எண்ணைப் பாருங்கள். ஒரே ஒரு 30 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் 30 ஐ 14 ஆல் பெருக்கி 420 வாட். தொடர்ந்து உள்ளே போகவே அவ்வளவுதான் வழி. அதிலிருந்து 1500 வாட் எப்படி வெளியே வரும்?

சுருங்கச் சொன்னால், வலிமை பேட்டரியிலிருந்து வருகிறது, ஆம்ப் அதைச் சிக்னலுக்கு ஏற்றபடி திறந்து விடுகிறது, வூஃபர் காற்றை அசைக்கிறது. நடுவில் இருப்பவை எல்லாம் வயர்களும் இணைப்புகளும். நான் பார்த்த கோளாறுகளில் மிகப் பெரும்பாலானவை அந்த நடுவில்தான் இருந்தன.

போனவை திரும்பி வர வேண்டும்

1985 இல் திறந்த பினாங்குப் பாலத்தை மனத்தில் கொண்டு வாருங்கள். நூறு லாரிகள் மட்டுமே இருக்கின்றன. அவையே சரக்கை ஏற்றிக்கொண்டு தீவிலிருந்து எதிர்க்கரையில் உள்ள பிறை நகருக்குப் போய், இறக்கிவிட்டுத் திரும்பி வந்து, மறுபடியும் ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். போகும் தடம் காலியாகக் கிடக்கிறது. திரும்பும் தடத்தை மட்டும் ஒற்றை வழியாகச் சுருக்கிவிட்டார்கள். சற்று நேரத்தில் லாரிகள் எல்லாம் பிறையில் தேங்கிவிடும். போகும் தடம் எத்தனை அகலமாக இருந்து என்ன பயன்?

பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஆம்புக்கு வரும் தடித்த வயர், போகும் தடம். ஆம்பிலிருந்து காரின் இரும்பு உடம்பு வழியாகப் பேட்டரியின் மைனஸ் முனைக்குத் திரும்பும் பாதைதான் எர்த். நாம் போகும் வயரைக் காசு கொடுத்து நல்லதாக வாங்குகிறோம். திரும்பும் வயரைக் கையில் கிடைத்த போல்ட்டில் சுற்றிவிடுகிறோம்.

பெயிண்ட்டும் துருவும் மின்சாரத்தைத் தடுக்கும். இந்தத் தடையை அளக்கும் அலகு ஓம். தடையின் வழியே மின்சாரம் ஓடும்போது அங்கே வோல்ட் விழும். எவ்வளவு ஓடுகிறதோ அவ்வளவு விழும். எர்த் போல்ட்டில் 0.08 ஓம் தடை இருக்கிறது என்று கொள்வோம். கேட்பதற்கு ஒன்றுமில்லாதது போல இருக்கிறது. மெதுவாகப் பாடும்போது ஆம்ப் 3 ஆம்பியர் இழுக்கிறது; 3 ஐ 0.08 ஆல் பெருக்கினால் கால் வோல்ட்தான் இழப்பு. உறுமி அடி விழுகிறது, 45 ஆம்பியர் இழுக்கிறது. இப்போது இழப்பு 3.6 வோல்ட். 13.8 வோல்ட் வர வேண்டிய இடத்தில் ஆம்புக்கு 10.2 வோல்ட்தான் எட்டுகிறது. 10 வோல்ட்டை நெருங்கும்போது பல ஆம்புகள் தம்மைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். அணைந்தவுடன் ஓட்டம் நிற்கிறது, இழப்பு மறைகிறது, வோல்ட் மீள்கிறது, விளக்கு மறுபடியும் எரிகிறது. என் மருமகனின் மைவியில் நடந்தது முழுக்க முழுக்க இதுதான். மெதுவாக வைத்தால் பாடுகிறது, கூட்டினால் அணைகிறது என்று யாராவது சொன்னால் ஆம்பின் மேல் பழி போடாதீர்கள். பாதையில் எங்கோ தடை இருக்கிறது.

நல்ல எர்த்துக்குக் காரின் உடம்போடு பற்றவைக்கப்பட்ட கெட்டியான இரும்பு வேண்டும். கதவு, இருக்கைச் சட்டம் போன்றவை வேண்டாம். இருக்கைவார் போல்ட்டையும் தொடாதீர்கள். அது உயிரைக் காக்கும் போல்ட், அதன் கீழே வயர் முனையைச் செருகி அதன் பிடியைக் கெடுக்கக்கூடாது. தேர்ந்த இடத்தில் இரும்பு பளபளவென்று தெரியும் வரை பெயிண்ட்டைச் சுரண்டி, பற்கள் உள்ள வாஷரோடு இறுக்கி முடுக்குங்கள். எர்த் வயர், பிளஸ் வயரின் அதே தடிமனில், அரை மீட்டருக்கு மிகாமல் இருப்பது நல்லது. பினாங்கில் நாம் கடல்காற்றில் வாழ்கிறோம். சுரண்டிய இரும்பு சில மாதங்களிலேயே துருப்பிடிக்கும். முடுக்கியபின் மேலே கிரீஸ் பூசிவிடுங்கள்.

ஃபியூஸ் எதைக் காக்கிறது

“ஆம்பில்தான் ஃபியூஸ் இருக்கிறதே, பேட்டரிப் பக்கம் இன்னொன்று எதற்கு?” என்று பலரும் கேட்கிறார்கள். பேட்டரிப் பக்கத்து ஃபியூஸ் காப்பது வயரை, வயர் வழியாகக் காரை, காரில் இருக்கும் உங்களை.

பிளஸ் வயர் பேட்டரியிலிருந்து புறப்பட்டு, எஞ்சின் அறையின் இரும்புச் சுவரைத் துளைத்து, கால்மிதியின் கீழே ஓடி, காரின் பின்பகுதிக்குப் போகிறது. ஏறக்குறைய 5 மீட்டர். வழியில் எங்காவது இரும்பின் கூர்விளிம்பு அதன் மேலுறையை அறுத்துவிட்டால் செம்பு காரின் உடம்பைத் தொடும். இதற்கு ஷார்ட் சர்க்யூட் என்று பெயர். இடையில் ஆம்பும் இல்லை, வூஃபரும் இல்லை. தடையே இல்லாத பாதையில் சாதாரணக் கார் பேட்டரி பல நூறு ஆம்பியரைக் கொட்டிவிடும். வயர் செக்கச்செவேல் என்று பழுத்து, மேலுறை உருகி, கம்பளம் பற்றிக்கொள்ளும். ஆம்பில் இருக்கும் ஃபியூஸுக்கு இது தெரியவே தெரியாது, அந்த மின்சாரம் அதுவரை வரவே இல்லை.

எனவே ஃபியூஸ் பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் உள்ள அந்தத் துண்டுக்குக் காவல் கிடையாது. அது குட்டையாக இருக்க வேண்டியதன் காரணம் இதுதான். நம் 45 ஆம்பியர் கணக்குக்கு 60 ஆம்பியர் ஃபியூஸ் போதும், வயர் அந்த 60 ஆம்பியரைத் தாங்குவதாக இருந்தால். வயர் தாங்கும் அளவைவிடப் பெரிய ஃபியூஸ் போட்டால் ஃபியூஸுக்கு முன்னால் வயர் எரியும். அடிக்கடி ஃபியூஸ் போகிறதென்று பெரியதை மாற்றுவது, நாய் குரைக்கிறதென்று அதை அவிழ்த்துவிட்டு வாசலைத் திறந்து போடுவதற்குச் சமம்.

வயர் வாங்கும்போது எண் சிறியதாக இருந்தால் தடிமன் பெரிது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 8 ஆம் எண்ணைவிட 4 ஆம் எண்ணின் குறுக்குவெட்டுப் பரப்பு இரண்டு மடங்குக்கு மேல் பெரிது. மலிவான வயர்கள் பல, செம்பு முலாம் பூசிய அலுமினியம். அதே தடிமனில் அவை செம்பின் மூன்றில் இரண்டு பங்கு மின்சாரத்தையே எளிதாகக் கடத்தும். முனையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளியாகத் தெரியும். செம்பு முலாம் வயர்தான் கையில் இருக்கிறது என்றால் ஒரு படி தடித்ததைப் போடுங்கள். இரும்புச் சுவரைத் தாண்டும் இடத்தில் ரப்பர் வளையம் போடாமல் எந்த வயரையும் இழுக்காதீர்கள். அந்த ரப்பர் வளையத்தின் விலை ஒரு தே தாரிக்கின் (ஆற்றிய பால் தேநீரின்) விலைக்குமேல் போகாது.

விளக்கு என்ன சொல்கிறது

இப்போது நோய் தேடும் வேலை. சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும். ஆம்பில் மூன்று மின்முனைகள் இருக்கும்: பிளஸ், எர்த், ரிமோட். ரிமோட் என்பது ரேடியோவிலிருந்து வரும் மெல்லிய வயர். பெரும்பாலும் நீல நிறத்தில் வெள்ளைக் கோடு. ரேடியோவைப் போட்டதும் அதில் 12 வோல்ட் வரும், “விழித்துக்கொள்” என்று ஆம்புக்குச் சொல்லும். வாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆம்பில் விளக்கே எரியவில்லையா? பிளஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் அளந்து பாருங்கள். 12 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் அடுத்து ரிமோட்டுக்கும் எர்த்துக்கும் நடுவில். ரிமோட்டில் ஒன்றும் வரவில்லை என்றால் ஆம்ப் நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது, எழுப்ப ஆள் இல்லை, அவ்வளவுதான். பிளஸிலேயே வரவில்லை என்றால் பேட்டரிப் பக்கத்து ஃபியூஸைப் பாருங்கள். பிளஸுக்கும் ஆம்பின் எர்த் முனைக்கும் நடுவில் வோல்ட் வரவில்லை, ஆனால் பிளஸுக்கும் காரின் வேறொரு சுத்தமான இரும்புக்கும் நடுவில் வருகிறது என்றால் எர்த் அறுந்திருக்கிறது. தளர்ந்த எர்த்தை ஓய்வில் அளந்தால் அகப்படாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டம் இருந்தால்தான் இழப்பு தெரியும். பாட்டு பலமாக ஓடும்போதே, ஆம்பின் எர்த் முனைக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் நடுவில் நீண்ட வயர் இழுத்து அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் துள்ளினால் சந்தேகமே வேண்டாம்.

ரிமோட் வயரை ரேடியோவோடு இணைக்கச் சோம்பல்பட்டு நேரே பேட்டரியின் பிளஸில் சேர்த்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். அந்த ஆம்ப் இரவு முழுவதும் விழித்திருக்கும். காலையில் கார் எழாது.

சிவப்பு விளக்கு, அதாவது பாதுகாப்பு விளக்கு எரிந்தால் ஆம்ப் எதையோ கண்டு பயந்து தன்னை அடைத்துக்கொண்டது என்று பொருள். பயமுறுத்தியது யார் என்று ஒவ்வொருவராக வெளியே அனுப்பிப் பாருங்கள். ஆம்பை அணைத்துவிட்டு வூஃபருக்குப் போகும் வயர்களைக் கழற்றி, மறுபடி போடுங்கள். விளக்கு மாறிவிட்டால் வூஃபரிலோ அந்த வயரிலோ ஷார்ட். மாறவில்லை என்றால் சிக்னல் வயரையும் கழற்றுங்கள். பிளஸ், எர்த், ரிமோட் மட்டும் இருக்கும்போதும், வோல்ட் சரியாக இருந்தும், சிவப்பு எரிகிறதா? இப்போதுதான் ஆம்ப் உள்ளே பழுது என்று சொல்ல உங்களுக்கு உரிமை வருகிறது.

விளக்கு சரியாக இருந்தும் ஒலி இல்லை என்றால் சிக்னல் வயரைச் சந்தேகியுங்கள். ரேடியோவைத் தவிர்த்துக் கைப்பேசியிலிருந்து உரிய வயர் மூலம் நேராக ஆம்புக்குப் பாட்டு கொடுத்தால் கோளாறு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். வூஃபரைச் சோதிக்க, ஆம்பிலிருந்து அதைக் கழற்றி, சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பேட்டரியை அதன் முனைகளில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். கூம்பு துள்ளினால் சுருள் உயிரோடு இருக்கிறது. பிளஸை பிளஸில் தொட்டால் வெளியே துள்ளும். இரண்டு கைகளாலும் கூம்பை மெல்ல, சமமாக அழுத்தும்போது கரகரவென்று உரசினால் சுருள் வெந்து வளைந்துவிட்டது.

அரைமணி நேரம் பாடிய பிறகு அணைந்து, ஆறியதும் மறுபடி பாடினால் சூடுதான் காரணம். நம் ஊர் நண்பகல் வெயிலில் நிறுத்திய கார் உள்ளே அடுப்பு போலக் கொதிக்கும். அந்தக் காரில் கம்பளத்தின் கீழே மூச்சு விட இடமில்லாமல் ஆம்பைப் புதைத்தால் அது என்ன செய்யும்? சுற்றிலும் காற்றோட்டம் கொடுங்கள்.

எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளைச் சத்தத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரேடியோவின் எர்த்தும் ஆம்பின் எர்த்தும் சமமாக இல்லாதபோது, மீதி மின்சாரம் சிக்னல் வயரின் உள்ளே சுற்றியிருக்கும் உலோக உறை வழியாகத் திரும்பப் பார்க்கும். அதோடு ஆல்டர்நேட்டரின் இரைச்சலும் பாட்டில் கலந்துவிடும். மருந்து மறுபடியும் எர்த்தான். அதோடு பிளஸ் வயரைக் காரின் ஒரு பக்கமும் சிக்னல் வயரை மறுபக்கமும் இழுப்பது நல்லது.

ஓம் கணக்கு

வூஃபரின் சுருளுக்கும் தடை உண்டு. பெட்டியில் “4 ஓம்” என்று எழுதியிருப்பது அதுதான். மல்டிமீட்டரில் அளந்தால் 3.2, 3.5 என்று சற்றுக் குறைவாகக் காட்டும், அது இயல்பு. தடை குறையக் குறைய ஆம்பிலிருந்து மின்சாரம் அதிகமாகப் பாயும். ஒவ்வோர் ஆம்புக்கும் இதற்குக் கீழே போகாதே என்று ஓர் எல்லை உண்டு.

பல வூஃபர்களில் இரண்டு சுருள்கள் இருக்கும். இரண்டு 4 ஓம் சுருள்களை ஒன்றன் பின் ஒன்றாகச் சங்கிலி போல இணைத்தால் 8 ஓம். பிளஸ்களை ஒன்றாகவும் மைனஸ்களை ஒன்றாகவும் சேர்த்தால் 2 ஓம். இரண்டு கதவுகளையும் ஒரே நேரத்தில் திறந்தால் கூட்டம் எளிதாக வெளியேறுவது போல. 4 ஓமுக்குக் கீழே தாங்காத ஆம்பில் 2 ஓமைக் கட்டினால் அது சூடேறி அணையும், அல்லது சிவப்பு விளக்கைக் காட்டும். ஆம்பின் கையேட்டைப் பார்க்காமல் இந்த இணைப்பைச் செய்யாதீர்கள்.

கெய்ன் திருகு

இந்தத் திருகால் வெந்த வூஃபர்களுக்குக் கணக்கே இல்லை. கெய்ன், ஒலியைக் கூட்டும் திருகு என்று நினைத்துத்தான் எல்லாரும் முழுக்கத் திருப்புகிறார்கள். ரேடியோ அனுப்பும் சிக்னலின் உயரத்தை ஆம்பின் உயரத்தோடு பொருத்துவதற்காக வைத்திருக்கும் திருகு அது.

தாழ்வான கூரையுள்ள வீட்டில் ஊஞ்சல் கட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். மெல்ல ஆடும் வரை அழகாக ஆடும். கூரையைத் தாண்டும் அளவுக்கு வீசினால் மேலே போய் இடித்து நிற்கும். ஆம்பால் தர முடிந்த உச்ச வோல்ட்தான் அந்தக் கூரை. அதற்கு மேல் கேட்டால், அலையின் வளைந்த தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகும். இதற்குக் கிளிப்பிங் என்று பெயர். முற்றிலும் தட்டையாகிச் சதுரமான அலை, அதே உயரமுள்ள வளைந்த அலையைப்போல இரண்டு மடங்கு வாட்டைச் சுருளில் இறக்கும். சுருள் சூடாகி, மேலே பூசிய பசை கருகும். காருக்குள் தீய்ந்த வாடை வந்தால் அதுதான். 500 வாட் தாங்கும் வூஃபர், அதைவிடச் சிறிய ஆம்பில் வெந்துபோனதன் மர்மமும் இதுவே.

அமைக்கும் முறையைச் சொல்கிறேன். பேஸ் பூஸ்ட் என்று எழுதியதை அணைத்துவிடுங்கள். கனத்த ஒலியை மட்டும் உள்ளே விடும் வடிகட்டியை, எல்பிஎஃப் என்று எழுதியிருக்கும், 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். கெய்னை அடியில் வையுங்கள். நன்கு தெரிந்த, தவில் தெளிவாகக் கேட்கும் பாட்டைப் போட்டு ரேடியோவின் ஒலியை முக்கால் அளவுக்கு உயர்த்துங்கள். இப்போது கெய்னை மெல்ல ஏற்றுங்கள். தவிலின் அடி உருண்டையாகக் கேட்பது நின்று, அட்டையைத் தட்டுவது போலக் கொரகொரக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்திக் கொஞ்சம் பின்வாங்குங்கள். அவ்வளவுதான். இனி ஒலியை ரேடியோவில் மட்டும் கூட்டிக் குறையுங்கள், அந்த முக்கால் அளவைத் தாண்டாதீர்கள். எல்லாம் சரியாக இருந்தும் பேஸ் சவசவவென்று இருந்தால் வூஃபரின் இரண்டு வயர்களை மட்டும் இடம் மாற்றிக் கேட்டுப் பாருங்கள். கதவு ஒலிபெருக்கிகள் தள்ளும்போது வூஃபர் இழுத்துக்கொண்டிருந்திருக்கலாம்.

பெட்டியைக் கட்டிப்போடுங்கள்

வூஃபர் பெட்டியைச் சும்மா தூக்கி வைத்துவிட்டு ஓட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. காரணம் கணக்கில் இருக்கிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி நிற்கும்போது, கட்டப்படாத 20 கிலோ பெட்டி அதே வேகத்தில் முன்னே பறக்கும். ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது அடுக்குமாடி வீட்டின் மூன்றாம் மாடியிலிருந்து விழும் பொருளின் வேகம் அது. பின் இருக்கையில் குழந்தை இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

பெட்டியின் இரு பக்கமும் எல் வடிவ இரும்புப் பட்டை வைத்து, காரின் தரை இரும்போடு போல்ட்டும் நட்டுமாக முடுக்குங்கள். மரத்திருகு போதாது, அதிர்வில் கழன்றுவிடும். நைலான் வார்ப்பட்டையால் கட்டுவது இரண்டாம் தரமான வழி; அதையும் காரில் ஏற்கெனவே உள்ள இரும்பு வளையங்களில் கட்டினால்தான் பயன். தரையைத் துளைக்குமுன் காரின் அடியில் குனிந்து பாருங்கள். பல சிறிய கார்களில் பெட்ரோல் தொட்டி பின் இருக்கையின் அடியிலேயே இருக்கிறது. பிரேக் குழாயும் அந்த வழியாகவே ஓடும். ஆம்பை வூஃபர் பெட்டியின் மேலேயே திருகி வைக்க வேண்டாம். நாள் முழுவதும் அதிர்ந்து உள்ளிருக்கும் பற்றவைப்புகள் விரிசல் விடும். பின் இருக்கையின் முதுகிலோ தனிப் பலகையிலோ பொருத்துங்கள்.

திருட்டுக்கும் இதே போல்ட்டுகள்தாம் முதல் தடை. இரண்டு நிமிடத்தில் தூக்கிக்கொண்டு போக முடியாத பொருளைத் திருடன் பெரும்பாலும் விட்டுவிடுவான். சாதாரணச் சாவியில் திரும்பாத தலையுள்ள போல்ட்டுகள் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கின்றன. பின்புறத் திரையை மூடி வையுங்கள். ஆம்பின் பெயரைக் கண்ணாடியில் ஒட்டி ஊருக்கு அறிவிக்க வேண்டாம். வாங்கிய ரசீதையும் வரிசை எண்ணின் படத்தையும் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். காரோடு வராமல் நாமே பின்னர் பொருத்திய கருவிகளைக் காப்புறுதியில் தனியாகச் சேர்த்திருந்தால்தான் பொதுவாக இழப்பீடு கிடைக்கும். சாலை வரியைப் புதுப்பிக்கும்போதே முகவரிடம் கேட்டுவிடுங்கள்.

வெள்ளம் புகுந்தால்

2017 நவம்பரில் பினாங்கு எப்படி மூழ்கியது என்பதைக் கண்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முன் இருக்கையின் அடியில் ஆம்பை வைத்திருந்தவர்களுக்குக் கணுக்கால் அளவு தண்ணீரே போதுமானதாக இருந்தது. காருக்குள் தண்ணீர் வந்துவிட்டால் சாவியைத் திருப்பாதீர்கள். ரேடியோவையும் போட்டுப் பார்க்காதீர்கள். ஈரத்தோடு மின்சாரம் சேர்ந்தால் செம்புத் தடங்கள் சில மணி நேரத்திலேயே அரித்துப்போகும். மின்சாரம் இல்லாத ஈரத்தில் ஆம்புக்குப் பிழைக்க வழி இருக்கிறது.

முதலில் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். பிறகு ஆம்பின் வயர்களைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றி, ஆம்பை வீட்டிற்குக் கொண்டு வாருங்கள். உள்ளே இருக்கும் மின்தேக்கிகளில் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். சில மணி நேரம் விட்டுப் பிறகு மூடியைத் திறக்கலாம். சேற்றைச் சுத்தமான தண்ணீரால் கழுவி, பின் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் மென்மையான தூரிகை கொண்டு துடைத்து, நிழலில் விசிறிக் காற்றில் மூன்று நாளாவது காய விடுங்கள். திரும்ப மாட்டும்போது பேட்டரிப் பக்கத்து ஃபியூஸை மட்டும் முதலில் ஒரு சிறிய 5 ஆம்பியர் ஃபியூஸாகப் போட்டு, வூஃபரையும் சிக்னலையும் இணைக்காமல் ஆம்பை எழுப்புங்கள். ஃபியூஸ் தாங்கி, விளக்கு சரியான நிறத்தில் எரிந்தால் மீண்டும் அணைத்து, பழைய ஃபியூஸை வைத்து மற்றவற்றை இணையுங்கள். எர்த் போல்ட்டையும் அப்போதே கழற்றிப் பாருங்கள். அதன் கீழே சேறு கட்டாயம் புகுந்திருக்கும்.